மாதாவுக்குப் போன தகடு

3 ஜூன் 2024, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம்தான். போன மாதமே துணி கொடுத்திருக்க வேண்டியவர்கள் இன்றைக்குக் கொடுத்துவிட்டு நாளைக்கே வேண்டும் என்கிறார்கள். சாந்தோமில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் நான் ஒருத்திதான் தையல்காரியா? ஆனாலும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து டேப்பை என் இடுப்பில் சுற்றினேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள், என் உடம்பில் டேப்பை வைத்துப் பல வருஷம் ஆகிறது. வைக்கப் பயம். பழைய ரவிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்ததில் உள்பக்கம் துணி மடிந்து தடித்துக் கிடக்கிறது. இனிப் பிடிக்க இடமில்லை, புதிதாகத்தான் வெட்ட வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். படவில்லை. பசியே இல்லாமல் இருப்பது இவ்வளவு துக்கமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜனவரியில் என் இரைப்பையை வெட்டி முட்டை அளவுக்குச் சின்னதாக்கி, குடலை மேலே இழுத்து அதோடு சேர்த்துத் தைத்தார்கள். பைபாஸ் என்கிறார்கள். தையல்காரிக்குப் புரிகிற வேலைதான். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. இப்படியே விட்டால் ஐம்பதைப் பார்க்க மாட்டீர்கள் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் மரியசெல்வம் கப்பலிலிருந்து லீவில் வந்து கூடவே இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். விஷயம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அம்மாவிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்கென்று உள்ளே போனவர், உயிரோடு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே ஆகாது. கல்லுக்கே அத்தனை அழுதாள். வயிற்றையே வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே படுத்திருப்பாள்.

12 ஜூன், புதன்

அடையாறில் செக்கப். எடை குறைந்திருக்கிறது, இரத்தமும் குறைந்திருக்கிறது. முடி கொட்டுகிறது என்றேன். கொட்டும் என்றார்கள். அதோடு முடிந்தது.

உணவு ஆலோசனை சொல்கிற சின்னப் பெண் என்னை விடவில்லை. "கழுத்துலயோ கையிலயோ போடற தகடு ஒண்ணு வாங்கச் சொன்னேனே, வாங்கிட்டீங்களா மேடம்?" வாங்கவில்லை. "நீங்க எங்கயாவது மயக்கமா விழுந்தா தூக்கிட்டுப் போறவங்களுக்கு உங்க வயிறு மாறியிருக்குன்னு எப்படித் தெரியும்? சாதாரணமா எல்லாருக்கும் போடற வலி ஊசியப் போடுவாங்க. தையல் போட்ட எடம் புண்ணாயி ரத்தம் கொட்டும். மூக்கு வழியா குழாய் விடுவாங்க, உள்ள கிழியும்." பயமுறுத்துகிறாளே என்று கோபம் வந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனிலேயே ஆர்டர் போட்டுவிட்டேன்.

29 ஜூன், சனி

தகடு வந்துவிட்டது. ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, முட்டை வடிவம், எவர்சில்வர். மேலே சிவப்பில் ஒரு கம்பும் அதில் சுற்றின பாம்பும். கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்து: இரைப்பை பைபாஸ் ஆனவர், வலி மருந்து கூடாது, மூக்குக் குழாய் கூடாது, டாக்டர் நம்பர். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

கையில் போட்டால் ஆளாளுக்குக் கேட்பார்கள். சங்கிலியில் மாதா சுரூபத்தோடு சேர்த்துக் கோத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். மிஷின் மேல் குனியும்போது இரண்டும் உரசிக் கிளுக் என்கிறது.

6 ஜூலை, சனி

இன்று அன்பியம் எங்கள் வீட்டில். அன்பியம் என்றால் தெருக்காரர்கள் சேர்ந்து வீட்டுக்கு வீடு மாற்றி வைக்கிற ஜெபக்கூட்டம். எங்கள் தெருவுக்குத் தலைவி பக்கத்து வீட்டு ரோஸி அக்கா.

ஜெபமாலை முடிந்து டீ கொடுக்கப் போகிற நேரம் அம்மா எழுந்து நின்றாள். சாட்சி சொல்லப் போகிறேன் என்றாள்.

"எம் பொண்ணு படியேற மாட்டா, மூச்சு வாங்கும். இவளுக்காக நான் மாதாகிட்ட அழுதுகினே இருந்தேன். கல்லு ஆபரேசனுக்கு உள்ள போனப்ப நேந்துகினேன், இவ நல்லபடியா வந்தா கொடியேத்தம் அன்னிக்கு பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு வெறுங்கால்ல நடந்து வரேன்னு. மாதா கல்லையும் எடுத்தா, சதையையும் எடுத்தா. தோ பாருங்க, எப்டி கீறா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கையில் டீத் தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். 'ஆமென்' என்றார்கள். நானும் சொன்னேன். வேறென்ன சொல்ல?

அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்து மந்தைவெளி வரைக்கும் நடந்து விற்று என்னைப் படிக்க வைத்தவள். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை. இன்று பேசினாள், குரல் நடுங்கவில்லை.

7 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று காலையில் நினைத்தேன். பூசைக்குப் போகும்போது வழியெல்லாம் ஆட்கள் அம்மாவை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். சொல்லவில்லை.

23 ஜூலை, செவ்வாய்

வஜீஹா வந்தாள். மயிலாப்பூரில் பைண்டிங் கடை வைத்திருப்பவர்களின் மருமகள், பிள்ளை பெற்றபின் உடம்பு போட்டுவிட்டது. அவளுடைய சல்வார் எல்லாவற்றையும் பிரித்து விட்டுக் கொடுத்ததே நான்தான். "அக்கா, உண்மைய சொல்லு, இன்னா பண்ணே? எனக்கும் சொல்லேன்." அவள் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி, கொள்ளுக் கஞ்சி, பீச்சில் நடை என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்கிறது இப்போதெல்லாம்.

15 ஆகஸ்ட், வியாழன்

மாதா விண்ணேற்றத் திருநாள். பூசைக்குப் பட்டுப் புடவை கட்டினேன். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அம்மா என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மாதாவோட பாம்பு போட்டு வச்சிகீற?"

அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். ஆங்கிலம் வராது. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் பாம்பைச் சுரண்டினாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கணும். மாதா காலில் மிதிபடுகிற பாம்பு அது என்றேன். ஆபரேஷனுக்கு அப்புறம் மாதாவுக்கு நேர்ந்துகொண்ட தகடு, வயிற்றுக்காக என்றேன். நோவு பட்ட உறுப்பைத் தகட்டில் செய்து கோயில் பெட்டியில் போடுவது எங்களுக்குப் புதிதில்லை. கை, கால், கண், வயிறு எல்லாம் கோயில் வாசலிலேயே விற்பார்கள். அம்மா உடனே நம்பிவிட்டாள். கண் கலங்கிப்போய்த் தகட்டை முத்தமிட்டு, அவளே என் ரவிக்கைக்குள் விட்டாள்.

"இத்த எங்கிட்ட சொல்லவே இல்லியே நீ."

29 ஆகஸ்ட், வியாழன்

கொடியேற்றம். பொழுது விடியும்போதே புறப்பட்டோம். அம்மா, நான், ரோஸி அக்கா, தெருப் பெண்கள், எல்லோரும் காவிப் புடவை. பட்டினப்பாக்கம் தாண்டும் வரைக்கும் பாடிக்கொண்டு வந்தேன். திரு.வி.க. பாலத்தில் காலில் கல் குத்திற்று. ஆற்று நாற்றம் வேறு. வெயில் ஏறிவிட்டது. தண்ணீரைக் கூட மடக்மடக்கென்று குடிக்க முடியாத வயிறு எனக்கு. சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே நடந்தேன்.

பெசன்ட் நகர் போய்ச் சேர்ந்தபோது கண் இருட்டியது. கோயிலுக்குள் போகிற வரிசை தெரு முனையைத் தாண்டி நின்றது. ஒரு கடை ஓரம் உட்கார வைத்தார்கள். அம்மா கையை நீட்டினாள். "நீ உக்காந்துக்கோ. தகட்டக் குடு. நானே பொட்டில போட்டுட்டு வரேன்."

மறந்தே போயிருந்தேன், என் பொய்யை நானே. கோயிலுக்கு அடுத்த முறை வரும்போது போடுகிறேன் என்றேன். நேர்ச்சையைத் தள்ளிப் போடக் கூடாது என்று ரோஸி அக்கா சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். அத்தனை பேரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு என் கழுத்தைப் பார்க்கிறார்கள். வேறொன்று வாங்கிக்கொண்டால் போச்சு என்று தோன்றியது. கொக்கியைக் கழற்றி என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா அதைப் புடவை முனையில் முடிந்துகொண்டு கூட்டத்துக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்க்கணுமே. அப்பா செத்தபின் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

30 ஆகஸ்ட், வெள்ளி

இன்னொரு தகடு ஆர்டர் போட்டேன். இரண்டு வாரம் ஆகுமாம். மரியசெல்வம் சிங்கப்பூரிலிருந்து பேசினார். தகட்டை மாதாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றதும் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது வர்ற வரைக்கும் ஒரு காகிதத்துலயாவது எழுதி வச்சிக்க ஜாஸ்மின்" என்றார். சரி என்றேன். எழுதவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்தநாள். பூசை முடிந்து வந்து அம்மா பாயசம் வைத்தாள். சர்க்கரை எனக்கு ஆகாது. குடித்த கொஞ்ச நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறி, அப்புறம் ஒரேயடியாக விழுந்துவிடும் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அம்மா டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "நேர்ச்ச முடிஞ்சுது, இனி உனக்கு ஒண்ணும் வராது. ஒரு வாயி குடி." ஒரு வாய்தானே. முழு டம்ளரும் குடிக்க வைத்தாள்.

தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. கொஞ்ச நேரம் மிஷினில் உட்கார்ந்துவிட்டுப் படுக்கலாம்.

27 செப்டம்பர், வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். வலது கை மாவுக்கட்டில். உயிரோடு இருக்கிறேன்.

28 செப்டம்பர், சனி

விழுந்தது நினைவில்லை. மிஷின் இரும்பில் தலை இடித்ததும் நினைவில்லை. வெள்ளை விளக்கு நினைவிருக்கிறது. யாரோ கருப்பாக வாந்தி எடுக்கிற சத்தம். நான்தான் அது.

2 அக்டோபர், புதன்

கை வலிக்கிறது. ரோஸி அக்கா சொன்னதை மறக்குமுன் எழுதிவிட வேண்டும்.

பாயசம் குடித்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். விழுந்து கிடந்திருக்கிறேன். நெற்றி கிழிந்து, மணிக்கட்டு உடைந்து. பக்கத்து நர்சிங் ஹோமுக்குத் தூக்கிப் போனார்கள். முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டார்கள். "கல்லு ஆபரேசன்" என்றாள் அம்மா. மரியசெல்வத்தின் கப்பல் நடுக்கடலில், போன் கிடைக்கவில்லையாம். தலையில் அடிபட்டதில் நான் கண்ணைத் திறப்பேனாம், பேச்சு குழறுமாம், மறுபடி தூங்குவேனாம். கைக்கு வலி ஊசி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவர்கள் மேல் என்ன தப்பு? கை உடைந்தவளுக்கு எல்லோரும் போடுகிற ஊசி.

மூன்றாம் நாள் வாயிலும் கீழேயும் இரத்தம். ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே மூக்கில் குழாய் விட எடுத்தார்களாம். விடுவதற்கு முன் ஒரு டாக்டர் என் வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். இது என்ன ஆபரேஷன் என்றார்.

"கல்லு, டாக்டர்."

"கல்லுக்கு இத்தன தழும்பு வராதும்மா. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"மாதா மேல சத்தியமா கல்லு மட்டும்தான்."

அந்த டாக்டர் அம்மாவின் சத்தியத்தை நம்பவில்லை. குழாயை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், வராண்டாவில் அத்தனை பேர் நடுவில் அம்மாவைத் திட்டினாராம். "இவ்ளோ பெரிய ஆபரேஷன ஏம்மா மறைச்சீங்க? பொண்ணு பொழைக்கணுமா வேணாமா?" பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்ற அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். ரோஸி அக்கா கூடவே நின்றிருக்கிறாள். அன்பியத்தில் சாட்சி கேட்ட ரோஸி அக்கா.

வயிற்றை மறுபடி திறந்து புண்ணைத் தைத்தார்கள். யார் யாருடைய இரத்தமோ இப்போது என் உடம்பில் ஓடுகிறது.

4 அக்டோபர், வெள்ளி

அம்மா வேளாவேளைக்குக் கஞ்சித் தண்ணீர் தருகிறாள். ஸ்பூனால் ஊட்டுகிறாள். தலை சீவி விடுகிறாள். பேசுவதில்லை. "வாயத் தொற", "திரும்பு", அவ்வளவுதான். திட்டினால் தேவலை.

9 அக்டோபர், புதன்

இன்று பேசினாள். என் துணிகளை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"அப்போ மாதா ஒண்ணும் செய்யலியா?"

செய்தாள்மா, என்னைப் பிழைக்க வைத்தாளே என்றேன். தலையை ஆட்டினாள், சரி என்று அல்ல.

"நாலு பேருக்கு முன்னாடி நின்னு சாட்சி சொன்னேன். அந்த டாக்டராண்ட மாதா மேல சத்தியம் பண்ணேன். நான் பொய் சொல்லல ஜாசு. ஆனா பொய் சொன்னவ நான்தான்னு ஆயிப்போச்சு."

"நீ பயப்படுவேன்னுதாம்மா."

"பயந்திருப்பேன். அழுதிருப்பேன். அப்பால கூட வந்து உக்காந்திருப்பேன் இல்ல?"

துணி மடிப்பதை நிறுத்தவில்லை. நான் அழுதேன். அழுதால் தையல் இழுக்கிறது.

"அந்தத் தகடு இன்னாத்துக்கு?" என்று கடைசியில் கேட்டாள். சொன்னேன். அதில் என்ன எழுதியிருந்தது என்றும் சொன்னேன். அம்மா எழுந்து போய்விட்டாள். குளியலறைக் குழாய் ரொம்ப நேரம் ஓடிற்று.

15 அக்டோபர், செவ்வாய்

காலையிலிருந்து அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டாவது தகட்டை வீட்டில் ஆளில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாக மெசேஜ் வந்திருந்தது, இன்றுதான் பார்த்தேன். மறுபடி ஆர்டர் போட மனசு வரவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

என்னால் எழுந்து நடக்க முடிகிறது என்று தெரிந்ததும் அம்மா பையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய்விட்டாள், சின்னம்மா வீட்டுக்கு. ரோஸி அக்கா தடுத்தாள். "இந்தத் தெருவுல நான் எப்டி பூசைக்குப் போவேன்?" என்று மட்டும் அம்மா சொன்னாளாம். ஜெபமாலையைச் சுவரில் ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மறந்து விட்டுப் போகிறவள் இல்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. தைக்கக் கொடுத்த துணிகளை எல்லோரும் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள். சிலர் வெட்டினதை வெட்டினபடியே. வஜீஹா மட்டும் தன் துணியை எடுக்க வரவில்லை. தெருவில் வெடிச் சத்தம். மிஷின் மேல் தூசி. மரியசெல்வத்துக்கு இன்னும் மூன்று மாதம் கப்பல்.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். குயிபிள் ஐலண்ட் கல்லறைக்குப் போனேன், ஆட்டோவில், ஒரு கையால் பூவைப் பிடித்துக்கொண்டு. கூட்டம். மெழுகுப் புகை. அப்பாவின் கல்லறைக்கு எனக்கு முன்பே யாரோ வெள்ளையடித்துச் சாமந்தி போட்டிருந்தார்கள். அம்மாதான். கல்லறைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள். எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் மெலிந்துகொண்டே இருக்க வேண்டும் போல.

நான் மெழுகுவத்தி வாங்க மறந்திருந்தேன். அவள் தன் கட்டிலிருந்து ஒன்றை உருவி, பற்ற வைத்துக் குறுக்கே நீட்டினாள். வாங்கி நட்டேன். ஃபாதர் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். அம்மா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது மாதிரி வேற வாங்கலியா?"

"இல்லம்மா."

"ஏன்?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டால் அந்தக் கடை ஓரத்தில் நான் கொக்கியைக் கழற்றினது நினைவுக்கு வரும் என்பதாலா? அம்மா காசிமேட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

11 நவம்பர், திங்கள்

கட்டு பிரித்தார்கள். கத்தரிக்கோல் பிடிக்க விரல் மடங்கவில்லை. பயிற்சி செய்யச் செய்ய வரும் என்கிறார்கள். வராவிட்டால்?

19 நவம்பர், செவ்வாய்

உடம்பு எடை பார்த்தேன். குறைந்திருக்கிறது. இந்தத் தடவை யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை.

26 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து மழை வரும் போல இருட்டிக்கொண்டே இருந்தது. வஜீஹா அந்தப் பழைய துணிக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். இனி மெதுவாகத்தான் தைப்பேன் என்றேன். "மெதுவாவே தைக்கா, எனக்கு இன்னா அவசரம்" என்றாள். இன்னும் கொள்ளுக் கஞ்சிதான் குடிக்கிறாளாம். எடை இறங்கவில்லை, வயிறுதான் எரிகிறதாம். அவளைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோன என் கை நின்றுவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன், அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். காசிமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். உள்ளே வந்து, வஜீஹாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கருப்புக் கயிற்றில் கோத்த தகடு. என்னுடைய தகடு. சிவப்புப் பாம்பில் அவள் நகம் சுரண்டின இடம் அப்படியே இருந்தது.

"கோயில் ஆபீசாண்ட போய் கேட்டேன். பொட்டில போட்டத இன்னாத்துக்குத் திருப்பிக் கேக்கறேன்னாங்க. சொன்னேன். ஒரு மூட்டயக் கொண்டாந்து கொட்டுனாங்க. எல்லாம் கையி, காலு, கண்ணு. மூணு நாளு போயி உக்காந்து தேடுனேன்."

வேறொன்று வாங்கியிருக்கலாமே என்று நான் சொல்லவில்லை. அம்மா என் கழுத்தில் கயிற்றைப் போட்டு முடிந்தாள். ரவிக்கைக்குள் விடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"வெளிய கெடக்கட்டும்."

வஜீஹா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, புதுசா கீது?"

என் வாய் திறந்தது. என்ன வரப் போகிறது என்று எனக்கே தெரியாது. அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள், அன்பியத்தில் நின்று பேசினாளே, அதே மாதிரி, குரல் நடுங்காமல்.

"இவளுக்கு வயித்த வெட்டி சின்னதாக்கிட்டாங்க. அதுல எளைச்சா. இவளுக்கு வலி ஊசி போடக் கூடாது. போட்டா செத்துப் போயிடுவா. போட்டுட்டாங்க. அந்தக் கஞ்சியக் குடிக்காதம்மா நீ."

வஜீஹா என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இருந்திருக்கும். காட்டவில்லை. அளவு கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை வருகிறேன் என்று போனாள்.

அம்மாவுக்குக் காப்பி போடப் போனேன். வேண்டாம் என்றாள். இங்கேயே இரும்மா என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் போகும்போது சுவரில் இருந்த ஜெபமாலையை ஆணியிலிருந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் போன பிறகுதான் தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் தமிழ் எழுத்துகள், புள்ளி புள்ளியாக. சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற அதே எழுத்து. மாட வீதியில் ஏதோ பாத்திரக்கடையில் கொடுத்து வெட்டியிருக்கிறாள். இடம் போதாமல் கடைசி வரி ஓரத்தில் வளைந்து போகிறது.

'ஊசி போடாதீங்க. அம்மாவ கேளுங்க.'

கீழே காசிமேட்டு வீட்டு போன் நம்பர். மழை பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டு வஜீஹாவின் துணியை மேஜையில் விரித்தேன்.